ஆறு பேருக்கு வாங்கிய ரோபோ கிட்: மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஒரு மதிப்புரை

உயர்நிலைப் பள்ளி ரோபோட்டிக்ஸ் மன்றம் ஒன்றை மூன்று ஆண்டுகளாக வழிநடத்தி வருகிறேன். தொடங்கியபோது 6 மாணவர்களும் 2 கிட்களும் இருந்தன. இன்று 34 மாணவர்களும் 9 கிட்களும் இருக்கின்றன. ஒன்பதும் ஒரே வகைதான்: ஆர்டுயினோ யூனோ என்னும், நிரல் ஏற்றி இயக்கக்கூடிய சிறு மின்னணுப் போர்டால் இயங்கும் இரு சக்கர ரோபோ வண்டி. பல பெயர்களில் விற்கப்பட்டாலும் பெட்டிக்குள் இருப்பவை ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் விற்பவரின் பெயர் இங்கே தேவையில்லை. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் வண்டி ஓடியதா என்பதோடு நின்றுவிடுகின்றன. மன்றம் பெருகும்போது இந்தக் கிட் எதைத் தாங்குகிறது, எங்கே கைவிடுகிறது என்பதைப் பதிவு செய்வதே என் நோக்கம்.

பெட்டியில் யூனோ போர்டு, அக்ரிலிக் தகடு, மஞ்சள் நிறக் கியர் மோட்டார்கள் இரண்டு, அவற்றுக்குச் செல்லும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் எல்298என் மோட்டார் டிரைவர், ஒலி அலையால் தடையைக் கண்டறியும் அல்ட்ராசோனிக் சென்சார், அதைத் திருப்புவதற்கு ஒரு சிறு சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பும் மோட்டார்), தரையில் வரைந்த கோட்டைப் பின்தொடர இரண்டு அகச்சிவப்புச் சென்சார்கள், நான்கு ஏஏ பேட்டரிகளுக்கான பெட்டி, உறுப்புகளை இணைக்க ஒரு கற்றை ஜம்பர் வயர்கள் ஆகியவை இருந்தன. அக்ரிலிக் தகட்டின்மேல் ஒட்டியிருக்கும் காகிதத்தை நகத்தால் உரிப்பதிலேயே முதல் நாளின் பாதி கழிந்துவிடும். ஏனோ எல்லா ஆண்டும் மாணவர்களுக்கு மிகப் பிடித்த வேலை அதுவாகவே இருக்கிறது. திருகை ஒரு சுற்று அதிகமாக முடுக்கினால் அந்தத் தகடு துளையோரத்தில் கீறல் விடும். இதுவரை மூன்று தகடுகள் அப்படிப் போயின.

இந்தக் கிட்டின் பெருங்குறை பேட்டரிப் பெட்டியே. நான்கு ஏஏ பேட்டரிகள் சேர்ந்து 6 வோல்ட் தரும். யூனோவின் வட்ட வடிவ மின் இணைப்புக்குப் பரிந்துரைக்கப்படும் அளவோ 7 முதல் 12 வோல்ட். போதாக்குறைக்கு, எல்298என் டிரைவர் தன் பங்குக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டை விழுங்கிவிடுகிறது. நின்றிருக்கும் மோட்டார் சுழலத் தொடங்கும்போது, சீராக ஓடும்போது எடுப்பதைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுப்பதால், அந்தக் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து போர்டு அணைந்து மீண்டும் எழுகிறது. எங்கள் முதல் வண்டி நேராக ஓடும். சுவரைக் கண்டு நிற்கும். திரும்பத் தொடங்கியதும் போர்டின் 13ஆம் பின்னோடு (இணைப்பு முனையோடு) இணைந்த சிறு விளக்கு படபடவெனச் சிமிட்டும். பிறகு நிரலின் முதல் வரியிலிருந்து தொடங்கி, எதுவும் நடக்காததுபோல அதே சுவரை நோக்கிப் புறப்படும். பிழை நிரலில் இருக்கிறது என்று நம்பி ஆறு பேரும் இரண்டு வாரம் வரி வரியாகத் தேடினார்கள். போர்டுக்குத் தனி பேட்டரி கொடுத்து, இரண்டு மின்வழிகளின் கிரவுண்டையும் (எதிர்முனை வழியையும்) ஒன்றாக இணைத்த பிறகே வண்டி திரும்பியது. கிட்டுடன் வரும் கையேட்டில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

கையேட்டின் இணைப்பு வரைபடத்தில் இன்னொரு கோளாறும் உண்டு. மோட்டார்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வயர்களை அது 9, 10 ஆகிய பின்களில் செருகச் சொல்கிறது. சர்வோவுக்கான நிரல் தொகுப்பைச் சேர்த்ததும் யூனோவில் அந்த இரண்டு பின்களின் பிடபிள்யூஎம் வசதி, அதாவது மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்க உதவும் வசதி, நின்றுவிடும் என்பதால், தடையைத் தேடும் கட்டத்துக்கு வரும் ஒவ்வொரு குழுவும் வேகக் கட்டுப்பாட்டை இழந்து திகைக்கிறது. வயர்களை 5, 6 ஆகிய பின்களுக்கு மாற்றினால் சிக்கல் தீர்ந்தது. இப்போது இந்தத் தீர்வைப் புதியவர்களுக்கு நான் சொல்வதில்லை. மூத்த மாணவர்களும் சொல்லக்கூடாது என்பது மன்றத்தின் எழுதப்படாத விதி. ஒரு மணி நேரம் திணறவிட்டு, பிறகு சர்வோ வரியை மட்டும் நீக்கிப் பார்க்கச் சொல்வார்கள். கையேட்டின் பிழையே எங்களுக்கு நல்ல பாடமாக அமைந்தது என்றாலும் அதற்காக மதிப்பெண் தர எனக்கு மனம் வரவில்லை.

மாணவர் எண்ணிக்கை இருபதைத் தாண்டியபோது வேறு வகைத் தொல்லை தொடங்கியது. ஒரு கிட்டுக்கு மூன்று பேர் என்றால் ஒருவர் வயர் செருக, ஒருவர் நிரல் எழுத, ஒருவர் சோதித்துப் பார்க்க வேலை சரியாக இருக்கும்; நான்காவது மாணவர் வெறும் பார்வையாளராகிவிடுகிறார். கிட்களைக் கூட்டினோம். பகிர்ந்து பயன்படுத்தும்போது வயர்கள் தினமும் பிடுங்கிச் செருகப்படுவதால், வெளியே முழுதாகத் தெரியும் ஜம்பர் வயர் உள்ளே அறுந்திருக்கும். கூட்டம் தொடங்குமுன் எல்லா வயர்களையும் மல்டிமீட்டரால் சோதித்துப் பார்ப்பது இன்று எங்கள் வழக்கம். நகல் போர்டுகளில் யூஎஸ்பி இணைப்புக்காக உள்ள சிஎச்340 சிப்புக்குக் கணினியில் தனி டிரைவர் மென்பொருள் நிறுவ வேண்டியிருக்கலாம் என்பதையும், பள்ளிக் கணினிகளில் அதற்கான அனுமதி பெறுவது தனிக் கதை என்பதையும் வாங்குமுன் நினைவில் கொள்ளுங்கள்.

இத்தனை குறைகளுக்குப் பிறகும் அதே கிட்டை ஏழு முறை மீண்டும் வாங்கினேன் என்றால், அதன் உறுப்பு எதையும் தனியாக மாற்ற முடியும் என்பதே காரணம். 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் பிறந்த ஆர்டுயினோவின் வரைபடங்கள் எவருக்கும் திறந்தவை. யார் செய்த போர்டிலும் நாங்கள் எழுதிய நிரல் ஓடுகிறது. யூனோவின் மூளையான ஏடிமெகா328பி சிப் சாக்கெட்டில் பொருத்தப்பட்டுள்ள போர்டாக இருந்தால், சிப் எரிந்தாலும் பூட்லோடர் (கணினியிலிருந்து நிரலைப் பெற உதவும் சிறு நிரல்) ஏற்றிய வேறொன்றைச் செருகிக்கொள்ளலாம். 1998இல் வந்த லெகோ நிறுவனத்தின் மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோ கிட் வரிசை, கட்டமைப்பின் நேர்த்தியில் இந்த அக்ரிலிக் தகட்டுக்கு எட்டாத உயரத்தில் இருந்தது; ஆயினும் 2022 முடிவோடு அது நிறுத்தப்பட்டது. ஒரே நிறுவனத்தின் உதிரிபாகங்களை நம்பி வளரும் மன்றத்துக்கு அத்தகைய அறிவிப்பு வரும் நாள் நல்ல நாளாக இராது.

எல்லை எங்கே என்பதையும் சொல்லிவிட வேண்டும். 32 கிலோபைட் நிரல் நினைவகமும் 2 கிலோபைட் செயல் நினைவகமும் கொண்ட போர்டில் கேமராவை வைத்துப் பொருளை அடையாளம் காணும் வேலையெல்லாம் நடக்காது. மூன்றாம் ஆண்டு மாணவர்கள் அதைக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அவர்களுக்கு வேறு போர்டு தேவை. மஞ்சள் மோட்டார்களும் பாரம் தூக்கும் போட்டிகளுக்கு உதவா. புதிதாகத் தொடங்கும் மன்றத்துக்கு இந்தக் கிட்டுக்கு ஐந்துக்கு நான்கு தருவேன். பேட்டரிப் பெட்டியும் கையேடும் மட்டும் திருந்தினால் நாலரை.

அடுத்த ஆண்டு பத்தாவது கிட் வாங்கப்போவதில்லை. இருக்கும் ஒன்பதுக்கும் தனி பேட்டரிப் பெட்டிகளும், ஆறு உபரி மோட்டார்களும், இரண்டு மடங்கு ஜம்பர் வயர்களும் கேட்டுப் பட்டியல் கொடுத்திருக்கிறேன்.