ஒரு நாளைக்கு மூன்று முறுக்கு: தக்காளி டைமர் எப்படி?

போன ஆவணியிலிருந்து எங்கள் வீட்டு பிரிட்ஜ் மேல் ஒரு பிளாஸ்டிக் தக்காளி உட்கார்ந்திருக்கிறது. முறுக்கிவிட்டால் டிக் டிக்கென்று ஓடி, நேரம் முடிந்ததும் மணியடிக்கிற சமையலறை டைமர். கோவில்பட்டியில் ஒரு பாத்திரக்கடையில் 280 ரூபாய் கொடுத்து வாங்கினேன். கேக் செய்ய இல்லை, குரூப் 4 தேர்வுக்குப் படிக்க.

ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. காலை ஒன்பதரைக்குப் போனால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகும். படிக்கக் கிடைப்பது விடிகாலை நாலரையிலிருந்து ஆறு வரைதான். ஆறுக்கு அடுப்பு, அப்புறம் நாலாவது படிக்கிற மகள். தண்ணீர் வருகிற நாளில் அந்த ஒன்றரை மணி நேரத்திலும் பங்கு போய்விடும்.

முன்பெல்லாம் செல்லில்தான் அலாரம் வைப்பேன். அது அடிக்கும், அணைக்கப் போவேன், பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் ஏதாவது வந்திருக்கும். அதைப் பார்த்த கையோடு டெலிகிராமில் யாரோ போட்ட நடப்பு நிகழ்வுகள் பிடிஎஃபை இறக்குவேன். இறக்கி வைத்தது நூற்றுக்கு மேல், திறந்து பார்த்தது நாலோ ஐந்தோ. ஒரு பக்கம்கூடப் படிக்காமல் எழுந்தாலும் படித்துவிட்ட மாதிரியே இருக்கும், அதுதான் கொடுமை. செல்லைத் தொடாமல் இருந்தால் திரையில் மரம் வளர்கிற ஆப் ஒன்றையும் போட்டுப் பார்த்தேன். மரம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கவே நாலு தடவை செல்லை எடுத்தேன்.

25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு, நாலு சுற்று முடிந்தால் கொஞ்சம் நீண்ட ஓய்வு என்கிற முறையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980களின் கடைசியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர், படிப்பில் மனம் நிற்காமல் தக்காளி வடிவ டைமர் ஒன்றை வைத்துத் தொடங்கியது அது. இத்தாலிய மொழியில் தக்காளிக்குப் பொமோடோரோ என்று பெயர், முறைக்கும் அதே பெயர் நிலைத்துவிட்டது. கடையில் கோழி வடிவமும் இருந்தது, விலையும் இருபது ரூபாய் குறைவு. கதை தெரிந்த பாவத்துக்குத் தக்காளியை எடுத்தேன்.

இதை நேராக 25க்குத் திருப்பக் கூடாது. முதலில் 55ஐத் தாண்டி நன்றாகத் திருப்பி, பிறகு பின்னால் கொண்டுவந்து 25இல் விட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் முழுசாக ஏறும். என் பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. முதல் வாரம் ஒருநாள் பாதியிலேயே நின்றுவிட்டது. நான் பாட்டுக்குத் தனிவட்டிக் கணக்கில் இருந்தேன், வாசல் குழாயில் தண்ணீர் வந்து நின்றும் போயிருந்தது. அன்றைக்கு அத்தையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

சத்தம் உண்டு. முதல் நாள் இருட்டில் அது ஓடுவதைக் கேட்டு அத்தை, "பல்லி சொல்லுது, எந்தத் திசைன்னு பாரு" என்றார். எனக்கு அந்த டிக் டிக் பிடித்துவிட்டது. கவனம் எங்கேயாவது போனால் அது காதில் விழும், கணக்கில் இருந்தால் விழாது. மணிதான் மோசம், தூங்குகிற பிள்ளை எழுந்துவிடும். நாலாக மடித்த துண்டின் மேல் வைத்து, அதன் நுனியை மேலே போர்த்திவிடுகிறேன்.

சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டேன். இதன் 25 நிமிடம் உண்மையில் இருபத்தாறரை. தினப் படிப்புக்கு அதனால் நஷ்டமில்லை. மாதிரித் தேர்வுக்கு மட்டும் இதை நம்பாதீர்கள். ஒரு திருப்புக்கு 60 நிமிடம்தான் ஓடும் என்பது ஒன்று. அப்புறம், 200 கேள்விக்கு 180 நிமிடம் என்றால் கேள்விக்கு 54 நொடி. இந்தத் தக்காளி காட்டுகிற தாராளத்தில் பன்னிரண்டு கேள்வி கணக்குத் தப்பிவிடும். அதற்குக் கைக்கடிகாரமே சரி.

திறனறிவுப் பகுதியின் 25 கேள்விகளுக்கு இது நன்றாக உதவுகிறது. மீ.பொ.வ., மீ.சி.ம., 'நேரமும் வேலையும்' எல்லாம் ஆரம்பத்தில் ஒரு சுற்றுக்கு எட்டுக் கணக்குதான் போட்டேன், இப்போது பதினாலு வருகிறது. இந்திய அரசியலமைப்பு மாதிரி நிதானமாகப் படிக்க வேண்டியதில் மணி தொந்தரவு. அடிப்படை உரிமைகளில் ஒரு பிடி கிடைக்கும்போது அடித்துவிடும். இடைவேளை 5 நிமிடமும் எனக்கு ஒத்துவரவில்லை. எழுந்தால் சிங்க்கில் கிடக்கிற பாத்திரம் கண்ணில் படுகிறது. அதனால் நின்றபடி தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.

படிக்க மனசே வராத நாளில் இந்தப் பொம்மை ஒன்றும் செய்யாது. 'இன்றைக்கு இந்த அலகை முடிக்கணும்' என்று நினைத்தால் எனக்குப் படுக்கையை விட்டுக் கால் நகராது, 'ஒரே ஒரு முறுக்கு' என்றால் எப்படியோ எழுந்துவிடுகிறேன். முறுக்கு என்பது மகள் வைத்த பெயர். "அம்மா, இன்னிக்கு எத்தனை முறுக்கு?" என்று கேட்டுத் தினத்தாள் காலண்டரில் அவளே எண்ணை எழுதுவாள். மூன்று என்றால் நல்ல நாள். தீபாவளிக்கு முந்தின மூன்று வாரமும் கடையில் கூட்டம், எல்லாத் தாளிலும் சுழி. அந்தத் தாள்களையும் கிழித்துப் போடாமல் கிளிப் மாட்டி வைத்திருக்கிறாள்.

தரம் சுமார்தான். எண்களின் வெள்ளைப் பெயின்ட் 20க்கும் 30க்கும் நடுவில் உரிந்துவிட்டது, இப்போது குத்துமதிப்பாகத்தான் 25. வாங்குவதாக இருந்தால் கடையிலேயே முழுசாக முறுக்கி ஐந்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். நான் முதலில் எடுத்தது மூன்றாம் நாளே இறுகிக்கொண்டது, கடைக்காரர் முகம் சுளிக்காமல் மாற்றித் தந்தார்.

இப்போது சாயங்காலமானால் மகள் வாய்ப்பாடு சொல்ல இதைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறாள். காலையில் நாலரைக்குக் கட்டிலுக்கு அடியில் தேட வேண்டியிருக்கிறது. இன்னொன்று வாங்கப் போனேன். தக்காளி தீர்ந்துவிட்டதாம், கோழிதான் இருந்தது. வாங்கி வந்து அவளிடம் கொடுத்தேன். கோழி கத்தும் என்று நினைத்திருந்தாள் போல, அதுவும் மணிதான் அடிக்கிறது என்று திருப்பித் தந்துவிட்டாள்.