குன்னூரில் டில்ட்-ஷிஃப்ட் லென்ஸ்: சில வருட உபயோகத்துக்குப் பின்

டில்ட்-ஷிஃப்ட் என்றால், கேமரா அசையாமலே லென்ஸை மட்டும் சாய்க்கவும் (டில்ட்), மேலே, கீழே, பக்கவாட்டில் நகர்த்தவும் (ஷிஃப்ட்) முடிகிற லென்ஸ். என்னிடம் இருப்பது கேனான் டிஎஸ்-ஈ 24 மி.மீ., எஃப்/3.5. 2009-இல் வந்த இரண்டாம் பதிப்பு, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. கேமராவில் பொருத்தும் வாய் பழைய ஈஎஃப் மவுண்ட் என்பதால் அடாப்டர் போட்டு, கேனானின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராவான ஆர்6-இல் மாட்டியிருக்கிறேன். ஆட்டோஃபோகஸ் கிடையாது. குன்னூர், கோத்தகிரி பக்கம் ஹோம்ஸ்டே, எஸ்டேட் பங்களா படங்கள்தான் இதற்குச் சோறு போடும் வேலை.

சமவெளியில் ஷிஃப்ட் என்றால் லென்ஸை மேலே தூக்குவது: கோபுரமோ மாடியோ சாயாமல் நிற்க வேண்டும். இங்கே பாதி நேரம் நான் கீழே இறக்குகிறேன். ரோடு மேலே, பங்களா கீழே. கேமராவைக் குனித்தால் சுவர்கள் புனல் மாதிரி அடியில் குறுகிவிடும். கேமராவை நேராக வைத்து லென்ஸை மட்டும் 12 மி.மீ. வரை இறக்கினால் ஓட்டுக் கூரை, முற்றம், வாசல்படி எல்லாம் ஃபிரேமுக்குள் வரும், சுவரும் நேராக நிற்கும். சாஃப்ட்வேரில் நிமிர்த்தலாமே என்பார்கள். செய்யலாம், ஆனால் ஓரம் வெட்டுப்படும், இழுத்த பக்கம் விவரம் கரையும்.

இதெல்லாம் கேமரா உண்மையிலேயே மட்டமாக இருந்தால்தான். மலையில் நம் கண்ணை நம்பக் கூடாது. தேயிலை வரிசை ஒரு பக்கம் சரியும், யூகலிப்டஸ் இன்னொரு பக்கம் சாயும், தொடுவானம் என்று ஒன்று தெரியவே தெரியாது. டிரைபாடின் ஒரு காலைக் குறுக்கி, திரையில் எலக்ட்ரானிக் லெவல் பச்சையாகும் வரை விடாமல் திருக வேண்டும். மிரர்லெஸ்ஸில் இன்னொரு நிம்மதி, எக்ஸ்போஷர். உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆரில் ஷிஃப்ட் செய்தால், வெளிச்சம் அளக்கும் மீட்டர் உளறும், அதனால் முதலிலேயே அளந்து பூட்டிவைப்போம். இப்போது சென்சாரே அளக்கிறது. அந்தத் தொல்லை விட்டது.

பனோரமாவும் சுலபம். கேமரா அசையாமல் லென்ஸை இடது, நடு, வலது என்று நகர்த்தி மூன்று படம் எடுத்தால், 36 மி.மீ. சென்சார் 60 மி.மீ. அகலமுள்ளது போல ஆகிவிடும். கேத்தி பள்ளத்தாக்குக்கு அது போதும்.

டில்ட் வேறு கதை. லென்ஸைச் சாய்த்தால் கூர்மையாக விழும் தளமும் சாயும். பொம்மை ஊர் மாதிரி படம் எடுக்கத்தான் பலர் இதை வாங்குகிறார்கள்; எனக்கு அது ஒரு வாரத்தில் சலித்துவிட்டது. நிஜப் பயன் தேயிலைச் சரிவில். செடியின் மேல்பரப்பான பறிக்கும் மட்டத்துக்கு முக்கால் மீட்டர் மேலே லென்ஸ் இருந்தால், காலடிச் செடியிலிருந்து தூரத்து வளைவு வரை கூர்மையாக விழ இரண்டு டிகிரிக்கும் குறைவான டில்ட் போதும். லென்ஸில் எட்டரை டிகிரி வரை இருக்கிறது என்பதற்காகத் திருகித் தள்ள வேண்டியதில்லை. கூர்மையான இடத்தைத் திரையில் நிறத்தால் காட்டும் ஃபோகஸ் பீக்கிங்கை ஆன் செய்துவிட்டு ஃபோகஸ் வளையத்தை மெதுவாகத் திருப்பினால், சிவப்புப் புள்ளிகள் செடி வரிசை மேல் ஊர்ந்து ஏறுவதைப் பார்க்கலாம். ஏறும் சரிவு என்றால் ஃபோகஸைக் கொஞ்சம் அருகே கொண்டுவர வேண்டும். கூர்மைத் தளம் அப்படியே மேலெழும். வ்யூஃபைண்டரில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இதைச் செய்த காலம் எனக்குத் தெரியும், திரும்பப் போக மாட்டேன்.

ஆனால் நடுவில் நிழல் மரம் நின்றால் சிக்கல். செடி பளிச்சென்று இருக்கும், சில்வர் ஓக்கின் உச்சி மங்கிவிடும். அந்த இடத்தில் டில்ட்டை விட்டுவிட்டு, லென்ஸின் துவாரத்தைச் சுருக்கி எஃப்/11-க்குப் போவதே மேல்.

குறை என்றால் பனிதான். நகரும் பாகங்களுக்கு நடுவில் இடுக்கு இருப்பதால் ஈரத்தைத் தடுக்கும் சீல் இதில் இல்லை. நவம்பர் மூட்டத்தில் குமிழ்கள் மேல் நீர் முத்து முத்தாக நிற்கும். துணியால் ஒற்றி எடுத்துவிட்டுத்தான் திருகுகிறேன். பூஞ்சை பிடித்தால் லென்ஸின் கதை முடிந்தது, அதனால் ஈரத்தை உறிஞ்சும் டிரை கேபினட் அலமாரி இல்லாமல் மலையில் இதை வைத்துக்கொள்ளவே கூடாது. பூட்டும் திருகுகள் வேறு சின்னது, விறைத்த விரலுக்குப் பிடிபடாது.

வீட்டுப் படம் மட்டும் எடுப்பவருக்கு டில்ட் தேவையே இல்லை. லாவா (Laowa) என்ற லென்ஸ் பிராண்டின் 15, 20 மி.மீ. ஷிஃப்ட் லென்ஸ்கள் மிரர்லெஸ் மவுண்டிலேயே கிடைக்கின்றன, அடாப்டர் வேண்டாம். தேயிலைத் தோட்டம்தான் உங்கள் பிழைப்பு என்றால் மட்டும் இந்தக் கேனானுக்குக் காசு போடுங்கள்.