கைபேசியில் கறுப்பின இலக்கியம்: ஃபுண்ட்ஸா, ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் தளங்கள் பற்றிய மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தை யுனெஸ்கோ 2017-ஆம் ஆண்டு இலக்கிய நகரங்களுள் ஒன்றாக அறிவித்தது. ஆப்பிரிக்கக் கண்டத்தில் அந்தப் பெயரைப் பெற்ற முதல் நகரம் இதுவே. ஆனால் இந்நகரத்து வணிக வளாகப் புத்தகக் கடை ஒன்றில் நுழைந்து, பாடநூல் அல்லாத ஜூலு நாவலோ சிறுகதைத் தொகுப்போ வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் காட்டும் அலமாரி பெரும்பாலும் மிகச் சிறியதாகத்தான் இருக்கும். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 24.4 விழுக்காட்டினர் வீட்டில் பேசும் மொழி அது. வேறெந்த மொழிக்கும் இத்தனை பேர் இல்லை. கிடைக்கும் நூல்களின் விலையோடு 15 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்துவிடுகிறது. எனவே கறுப்பின எழுத்தாளர்களின் படைப்புகளை எண்ணிமத் தொழில்நுட்பம் வாசகரிடம் கொண்டுசேர்க்கிறது என்று சொல்லப்படும்போது, அது உண்மையில் யாருடைய கைக்கு, எந்த வகைக் கைபேசிக்கு, எவ்வளவு டேட்டாச் செலவில் போய்ச் சேர்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

டர்பனில் இந்திய வம்சாவளியினர் மிகுந்த சாட்ஸ்வர்த்துக்குப் பக்கத்தில் கறுப்பின மக்கள் மிகுந்த உம்லாசி இருக்கிறது. அதேபோல் ஃபீனிக்ஸுக்குப் பக்கத்தில் க்வாமாஷு இருக்கிறது. இப்பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் பள்ளியில் ஜூலுவைக் கூடுதல் மொழியாகப் படிக்கிறார்கள், தேர்விலும் தேறிவிடுகிறார்கள். ஆயினும், அந்த மொழிக்குரிய மக்கள் எழுதிய ஒரு கதையையேனும் விரும்பிப் படித்த பிள்ளையைக் காண்பது அரிது. அந்தப் பிள்ளைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் மனத்தில் வைத்தே, ஃபுண்ட்ஸா, ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் என்ற இரு கதைத் தளங்களைப் பற்றிய இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எங்கள் வார இறுதித் தமிழ் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடமும் இத்தளங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

கைபேசியில் கதை படிக்கும் பழக்கம் இந்நாட்டில் திறன்பேசி பரவுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. ஸ்டெலன்பாஷில் உருவான மிக்சிட் என்ற அரட்டைச் சேவை, குறுஞ்செய்திக் கட்டணத்தில் மிகச் சிறு பங்குக்கே செய்தி அனுப்ப வழிசெய்ததால், இளைஞரிடையே காட்டுத்தீப் போலப் பரவியிருந்தது. 2009-இல் ஷட்டில்வொர்த் அறக்கட்டளை, பதின்வயதினருக்கான ஒரு கதையை ஆங்கிலத்திலும் கோசா மொழியிலும் எழுதுவித்து, அந்தச் சேவையின் வழியாகவும் ஒரு கைபேசித் தளத்தின் வழியாகவும் பகுதி பகுதியாக வெளியிட்டது. பொத்தான் கைபேசியின் சின்னத் திரையில் எந்தப் பிள்ளை கதை படிக்கும் என்று கேட்டவர்களுக்கு அந்த முயற்சி பதில் சொல்லிவிட்டது. மிக்சிட் 2015-இல் ஓய்ந்துபோனது. ஆனால் அது ஏற்படுத்திய வாசிப்பு முறை மறையவில்லை. கேப் டவுனில் 2011-இல் தொடங்கப்பட்ட ஃபுண்ட்ஸா எழுத்தறிவு அறக்கட்டளை அதைக் கைக்கொண்டு இன்றுவரை நடத்திவருகிறது.

ஃபுண்ட்ஸா தளத்தில் கதைகள் சிறு அத்தியாயங்களாக வெளிவருகின்றன. பெரும்பகுதி வெறும் எழுத்து. கண்ணைப் பறிக்கும் அசைபடமோ தானாக ஓடும் காணொளியோ வாசிப்புக்கு இடையே வந்து நிற்பதில்லை. மலிவான கைபேசியிலும் பக்கம் விரைவாகத் திறப்பதற்கு அதுவே காரணம். நாளுக்கோர் அத்தியாயமாக வளர்ந்து வாரத்துக்குள் முடியும் கதைகள் இதன் அடையாளம். ஆனந்த விகடனும் குமுதமும் வரும் நாளுக்காக வீட்டுவாசலில் காத்திருந்த தலைமுறைக்கு இந்த ஏற்பாட்டின் வலிமையை விளக்க வேண்டியதில்லை. ‘தொடரும்’ என்ற சொல்லுக்கு உள்ள இழுப்பு இங்கே கைபேசிக்குள் குடியேறியிருக்கிறது. எங்கள் வகுப்பில் புத்தகம் என்றாலே முகம் சுளிக்கும் ஒரு பையன், அடுத்த அத்தியாயம் வந்துவிட்டதா என்று பாடத்தின் நடுவே பார்த்துக்கொண்டிருந்தான். அவனைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை.

அத்தியாயத்தின் முடிவில் வாசகரை நோக்கி ஒரு கேள்வி கேட்கப்படுகிறது. அந்தத் தாய் செய்தது சரியா, நீங்களாக இருந்தால் அந்த நண்பனை மன்னிப்பீர்களா என்ற வகைக் கேள்விகள் அவை. அவற்றுக்குக் கீழே இளைஞர்கள் பதில் எழுதுகிறார்கள். அச்சு நூலில் எழுத்தாளர் அறியவே முடியாத ஒன்றை, தம் கதையின் எந்த இடத்தில் வாசகர் கோபம் கொண்டார், எந்த இடத்தில் அவருக்கு நெஞ்சு இளகியது என்பதை, இந்தப் பதில்கள் காட்டிவிடுகின்றன. இதைவிடவும் நான் உயர்வாக மதிப்பது வாசகரே எழுதுவதற்கு ஒதுக்கப்பட்டிருக்கும் பகுதியை. டவுன்ஷிப் எனப்படும் கறுப்பினக் குடியிருப்புகளிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் இளைஞர்கள் கவிதையும் கட்டுரையும் கதையும் அனுப்புகிறார்கள். வளரும் எழுத்தாளர்களுக்கு வழிகாட்டித் துணைநிற்பதும் அந்த அறக்கட்டளையின் பணிகளுள் ஒன்று. பதிப்பகத்தின் வாசற்படி ஏறாத ஒருவர் தன் பெயரை ஒரு கதையின் தலைப்புக்குக் கீழே காண்பதற்கு இத்தனை குறுகிய வழி இந்நாட்டில் முன்பு இருந்ததில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். கோசா, ஜூலு உள்ளிட்ட மொழிகளிலும் கதைகள் உண்டு என்றாலும் ஆங்கிலமே இத்தளத்தில் ஓங்கி நிற்கிறது. ஜூலு படிக்கவென்று வரும் பிள்ளை சற்றுத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டாவதாக, எழுத்தறிவுப் பணியாகத் தொடங்கிய முயற்சி என்பதால் சில கதைகளில் ஆசிரியரின் விரல் வெளியே தெரிகிறது. போதைப்பொருள், எச்ஐவி, காதலன் கையோங்குவது, கந்துவட்டிக் கடன் என்று எடுத்துக்கொண்ட பொருள் உண்மையானதுதான். ஆனால் கடைசி அத்தியாயத்தில் பாத்திரம் பேசுவதை நிறுத்திவிட்டு ஆலோசகர் பேசத் தொடங்கிவிடுகிறார். நல்ல கதைகளில் இது நேர்வதில்லை; தளத்தின் சிறந்த கதைகள் பதின்வயதினரை மட்டும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்று சொல்லவே முடியாத அளவுக்கு முதிர்ச்சியுடையவை. வன்முறையைப் பற்றிய கதைகள் உண்டு என்பதால் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் கைபேசியைக் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடாமல், பெற்றோர் முதலில் ஒரு கதையைப் படித்துப் பார்ப்பது நல்லது.

சிறு பிள்ளைகளுக்கு ஏற்றது ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக். ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள தென்னாப்பிரிக்கத் தொலைநிலைக் கல்வி நிறுவனம், பிரிட்டனின் காமிக் ரிலீஃப் அறக்கட்டளையின் நிதியுதவியைக் கொண்டு, 2014-இல் இத்தளத்தைத் திறந்தது. தென்னாப்பிரிக்கா, லெசோத்தோ, கென்யா, உகாண்டா ஆகிய நாடுகளில் முதலில் நடத்திப் பார்த்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளில் படக்கதைகள் உள்ளன. முதற்சொற்கள், முதல் வாக்கியங்கள் என்று தொடங்கி, பெரியவர் உரக்கப் படித்துக் காட்டும் கதைகள் வரை ஐந்து நிலைகளாக அவை பிரிக்கப்பட்டிருக்கின்றன. இந்த நிலைப் பிரிவு ஜூலுவை இரண்டாம் மொழியாகக் கற்கும் நம் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்துகிறது. வயது பத்தானாலும் ஜூலுவில் முதல் நிலையிலேயே தொடங்கலாம். படங்கள் நன்றாக இருப்பதால் குழந்தைப் புத்தகம் என்ற கூச்சமும் பிள்ளைக்கு வருவதில்லை.

இத்தளத்தின் உண்மையான புதுமை அதன் உரிமத்தில் இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் வெளியிடப்பட்டிருப்பதால் எவரும் கதையைப் பதிவிறக்கலாம், அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், தம் ஊருக்கேற்ப மாற்றியும் எழுதலாம். எழுதியவரின் பெயரையும் வரைந்தவரின் பெயரையும் குறிப்பிட வேண்டும் என்பதும், சில கதைகளை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதுமே நிபந்தனைகள். இந்தத் தாராளத்தால் கதைகள் வெகுதூரம் பயணம் செய்திருக்கின்றன. இவற்றுள் 40 கதைகளைத் தேர்ந்தெடுத்து, கனடாவில் குடியேறியோர் பேசும் மொழிகளில் ஒலிவடிவத்தோடு வெளியிட்ட தளம் ஒன்று 2018 முதல் இயங்குகிறது. பெங்களூரில் உள்ள பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலும் ஆப்பிரிக்கக் கதைகள் இடம்பெற்றிருக்கின்றன. கென்யாவின் ஆசிரியர் ஒருவர் எழுதிய கதையைச் சென்னையில் ஒரு குழந்தை படிக்க இடையில் எந்தப் பதிப்பகத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை என்பது சாதாரணச் செய்தியன்று.

திறந்த வாசலில் எல்லாரும் நுழைவார்கள் என்பதும் உண்மைதான். எவரும் கதை ஏற்றலாம், மொழிபெயர்க்கலாம் என்பதால் எழுத்துப்பிழையும் உயிரற்ற மொழிபெயர்ப்பும் கலந்தே கிடக்கின்றன. தளத்தார் சரிபார்த்து ஒப்பிய கதைகளுக்குத் தனி அடையாளம் இருக்கிறது. மொழி கற்கும் பிள்ளைக்கு அந்த அடையாளமுள்ள கதைகளையே கொடுக்க வேண்டும். பொதுப் படத்தொகுப்பிலிருந்து ஓவியங்களை எடுத்துக்கொள்வதால், ஒரு கதையில் பார்த்த பாட்டி இன்னொரு கதையிலும் வந்து நிற்பார். இதைக் குறையாகக் கருதியவன் நான் மட்டுந்தான், பிள்ளைகளோ பழகிய முகத்தைக் கண்டு மகிழ்ந்தார்கள். எனக்கு உண்மையில் உறுத்துவது வேறொன்று. கதைகள் வாட்ஸ்அப் குழுக்களில் கைமாறும்போது எழுதியவர் பெயர் இருக்கும் பக்கம் உதிர்ந்துபோகிறது. ‘ஓர் ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதை’ என்ற பொதுப்பெயரோடு அது சுற்றத் தொடங்கிவிடுகிறது. கறுப்பின எழுத்தாளருக்கு அச்சுலகம் நெடுங்காலம் செய்த அநீதியை, நல்லெண்ணத்தோடு பகிர்வோரும் இப்படித் தொடர்கிறார்கள். அனுப்பும்போது முதற்பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் சேர்த்தே அனுப்பும்படி எங்கள் வகுப்பில் சொல்லிவைத்திருக்கிறேன்.

பெரு வணிகத் தளங்கள் இவ்விரண்டுக்கும் மாற்றாக முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி போதும். அமேசானின் கிண்டில் நேரடி வெளியீட்டுச் சேவை ஏற்கும் மொழிகளுள் தமிழ் இருக்கிறது, ஆப்பிரிக்கான்ஸ் இருக்கிறது. ஜூலு நெடுங்காலமாகவே அந்தப் பட்டியலில் இடம்பெறவில்லை. கணினி வழி மொழிபெயர்ப்பு, எழுத்தைக் குரலாக்கும் மென்பொருள் ஆகியவற்றைப் பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். கூகுள் மொழிபெயர்ப்பில் ஜூலு 2013-இலேயே சேர்ந்துவிட்டது. இந்நாட்டு அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பேச்சு வழங்கும் பதினொரு ஆட்சிமொழிகளுக்கும் செயற்கைக் குரல்களை உருவாக்கியிருக்கிறது. ஒரு பத்தியின் பொருளைத் தெரிந்துகொள்ள இவை உதவும். கதையை இவற்றின் வழியாகப் படிக்கச் சொல்ல எனக்குத் துணிவில்லை.

இன்னொரு முனையில் இருப்பவை ஆவணக் காப்பகங்கள். நம் க்வாசூலு நட்டால் பல்கலைக்கழகத்தின் டிசா என்னும் எண்ணிமத் திட்டம் நிறவெறி ஆட்சிக்காலத்துப் போராட்ட இதழ்களை ஸ்கேன் செய்து பாதுகாத்திருக்கிறது. டர்பனில் பிறந்த ஒளிப்படக் கலைஞர் ஓமர் பட்ஷா 2000-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க வரலாற்று இணையதளமும் அதே வழியில் செல்கிறது. 1978-இல் ரேவன் பிரஸ் பதிப்பகம் தொடங்கிய ஸ்டாஃப்ரைடர் இதழின் முதல் இதழையே அரசு தடைசெய்தது. கறுப்பின இளைஞர்களின் கவிதையும் கதையும் ஓவியமும் நிறைந்த அந்த இதழின் பழைய பிரதிகளை இன்று வீட்டிலிருந்தே பார்க்க முடிகிறது. மதிப்பிட முடியாத செல்வம் அது. ஆனால் அது பக்கங்களின் படமாகவே கிடைக்கிறது. பெரிய பிடிஎஃப் கோப்பைச் சிறிதளவு டேட்டா வாங்கித் திறப்பவர் ஒரு கவிதைக்காக முழு இதழையும் இறக்க வேண்டியிருக்கிறது. சிறு திரையில் இரு பத்திகளாக அச்சான பக்கத்தை இங்கும் அங்கும் நகர்த்தியே கண் சோர்ந்துவிடும். படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் எழுத்துணரி மென்பொருள் ஆங்கிலத்தை ஓரளவு பிடித்துவிடும். ஆனால் முன்னொட்டுகளைச் சொல்லோடு ஒட்டி எழுதும் ஜூலுவில் ஒரு சொல்லைத் தேடினால், வேற்றுமை உருபு ஒட்டிய தமிழ்ச் சொல்லைத் தேடும்போது நாம் படும் அதே பாட்டைப் பட வேண்டும்.

1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களையும் பிறவற்றையும் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்வித்து வெறும் எழுத்தாகத் தந்ததன் பயனை நாம் அறிவோம். டயல்-அப் இணைப்புக் காலத்திலும் திருக்குறள் நொடியில் இறங்கியது. ஸ்டாஃப்ரைடர் கவிதைகளுக்கும், உரிமம் இடம்தரும் அளவில், அப்படியொரு தட்டச்சுப் பணி நடக்குமானால் அவை ஃபுண்ட்ஸா வாசகரின் கைபேசிக்கும் போய்ச் சேரும். அமெரிக்காவில் 1983-இல் தொடங்கி இப்போது கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும் கறுப்பின எழுத்து வரலாற்றுத் திட்டம், ஆப்பிரிக்க-அமெரிக்க நாவல்களைத் தேடவும் ஆராயவும் தக்க எண்ணிமத் தொகுப்பாக்கும் பணியைச் செய்துவருகிறது. நம் ஊரிலும் பல்கலைக்கழகமும் பள்ளிகளும் சேர்ந்தால் இயலாத காரியமல்ல.

தொடங்க விரும்பும் பெற்றோருக்கு என் யோசனை இது. பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் செயலியை வைஃபை கிடைக்கும் நூலகத்தில் நிறுவி, ஒப்புதல் அடையாளமுள்ள முதல் நிலை ஜூலுக் கதைகளை அங்கேயே இறக்கிக்கொள்ளுங்கள். மின்வெட்டு நேரத்தில் அவை கைகொடுக்கும். பதினான்கு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு ஃபுண்ட்ஸா. ஸ்டாஃப்ரைடரைப் படிக்கக் கணினியும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் வேண்டும்.