புகையைக் கண்காணிக்க யார் காசு? நீலகிரியில் பேசப்படும் நாலு வழிகள்

கோத்தகிரிப் பக்கம் எங்கள் ஊருக்குக் கீழே ஒரு தேயிலை ஆலை இருக்கிறது. பனிக்காலத்தில் விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தால், புகை மேலே போகாமல் பள்ளத்தில் படுத்துக் கிடக்கும். இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கிவிடுகிறது. மேலே இருக்கும் வெதுவெதுப்பான காற்று அதன் மேல் மூடி போட்டதுபோல நிற்கிறது. வெயில் ஏறும்வரை புகைக்குப் போக வழியில்லை. ராத்திரி கொடியிலேயே விட்டுவிட்ட வேட்டியை அம்மா எடுத்து உதறும்போது விரலில் கரி ஒட்டும். அப்புறம் அதே வேட்டி திரும்பவும் சோப்புத் தண்ணீருக்குப் போகும்.

ஒருமுறை மாசு கட்டுப்பாட்டு வாரியத்தில் புகார் கொடுத்தோம். மூன்று நாள் கழித்துப் பகல் பதினொரு மணிக்கு ஒருவர் வந்து பார்த்தார். புகைபோக்கி சுத்தமாக இருந்தது. இருக்கத்தானே செய்யும்? பறித்த இலை மாலையில்தான் ஆலைக்கு வந்து சேர்கிறது. அதை மணிக்கணக்கில் வாட்டி, அரைத்து, உலர்த்தும்போது பெரும்பாலும் நள்ளிரவு தாண்டிவிடும். விறகு அதிகம் எரிவது அந்த நேரத்தில்தான். ராத்திரி இரண்டு மணிக்கு மலைப்பாதையில் ஒரு வண்டி, ஒரு டிரைவர், அளவு எடுக்கும் கருவியோடு ஒரு பொறியாளர் வர வேண்டும். அதற்குத்தான் பணம் வேண்டும். எங்கிருந்து எடுப்பது என்று டீக்கடையில் பேச்சு வந்தால் நாலு வழி சொல்கிறார்கள்.

முதல் வழி, ஆலைகள் கட்டும் இசைவாணைக் கட்டணம், அதாவது ஆலை ஓட்ட அனுமதி வாங்கும் கட்டணம். 1981 காற்றுச் சட்டப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஆலை ஓட்ட முடியாது. அதற்குக் கட்டணம் ஏற்கெனவே உண்டு. ஆலைகள் எடுக்கும் தண்ணீருக்கு வாங்கி வந்த தண்ணீர்த் தீர்வை 2017-ல் ரத்தானபின் வாரியங்களுக்கு இந்த வருமானம் இன்னும் முக்கியமாகிவிட்டது. புகை விடுகிறவர்தான் அதைக் கண்காணிக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நியாயம் யாருக்கும் உடனே புரிகிறது. ஊரில் பெரும்பாலோர் இதற்குத் தலையாட்டுவதும் அதனால்தான்.

ஆனால் தலையாட்டாதவர்கள் சொல்வதையும் கேட்க வேண்டும். அரை ஏக்கர் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, ஆலைக்குப் போடுற காசு கடைசியில இலை விலையிலதான் கழியும்." அவர் பயம் நிஜம். ஏல விலையை விவசாயிக்கும் ஆலைக்கும் பங்கிட ஒரு கணக்கு இருக்கிறது. தேயிலை வாரியம் மாதாமாதம் பச்சைத் தேயிலைக்குச் சராசரி விலை அறிவிக்கிறது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் ஆலையின் செலவு ஆலையின் பங்கிலிருந்துதான் போக வேண்டும். ஆனால் அறிவித்த விலையே கைக்கு வராத மாதங்களைப் பார்த்தவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிச் சமாதானப்படுத்த முடியாது. இன்னொன்று, மாவட்டத்தில் இன்ட்கோசர்வ் என்ற கூட்டுறவு இணையத்தின் குடையின்கீழ் 16 கூட்டுறவு ஆலைகள் உள்ளன. அவற்றின் உறுப்பினர்களே சிறு விவசாயிகள்தான். அங்கே ஆலை வேறு, அவர்கள் வேறு என்று பிரித்துப் பேச முடியாது.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. தமிழ்நாட்டில் இந்தக் கட்டணம் ஆலையின் மொத்தச் சொத்து மதிப்பை வைத்துப் போடப்படுகிறது. எவ்வளவு புகை என்பதற்கு அதில் இடமே இல்லை. பழைய அடுப்போடு விறகைக் கொட்டி எரிப்பவரின் சொத்து மதிப்பு குறைவு. நல்ல உலர்த்தி, தூசி பிடிக்கும் கருவி என்று வாங்கிப் போட்டவரின் மதிப்பு கூடும், கட்டணமும் மேல் படிக்குப் போகலாம். சுத்தமாக்கியவர் கூடுதலாகக் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

அமெரிக்காவில் 1990-ல் தூய காற்றுச் சட்டத்தைத் திருத்தியபோது, பெரிய ஆலைகளுக்கு அனுமதி தந்து கண்காணிக்கும் செலவு முழுவதையும் அனுமதிக் கட்டணத்திலேயே எடுக்க வேண்டும் என்று எழுதினார்கள். வெளிவிடும் மாசு டன்னுக்கு 25 டாலர் என்பது அடிப்படை, விலைவாசியோடு அது ஏறும். அளவைப் பார்த்து வாங்குவதால் நியாயமானது. ஆனால் மாசு குறையக் குறைய வசூலும் குறைந்தது, பல இடங்களில் ஆள் போடக் காசு போதவில்லை. காற்று சுத்தமானாலும் சுற்றிப் பார்க்க ஆள் வேண்டுமே. ஆகவே எல்லா ஆலைக்கும் ஒரு நிலையான தொகை, அதன்மேல் எரிக்கும் விறகின் எடைக்கு ஒரு தொகை என்று இரண்டு அடுக்காக வாங்குவதே நம் மலைக்குச் சரி என்பது என் எண்ணம். விறகு எடைமேடை ஏறித்தான் ஆலைக்குள் போகிறது, கணக்கு எடுக்கப் புதிதாக ஒன்றும் வேண்டாம்.

இரண்டாவது, வெளியூர் வண்டிகளிடம் வாங்குவது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரலில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று வரம்பும் வந்தது. பாஸ் இலவசம். ஒரு வண்டிக்குப் பத்து ரூபாய் வைத்தாலே 6,000 வண்டிக்கு ஒரு நாளில் 60,000 ரூபாய். இந்தக் கணக்கைக் கேட்டதும் உள்ளூர்க்காரர்கள் முகம் மலர்கிறது, நம் பையிலிருந்து போகாத காசு என்பதால். விடுதி, டாக்ஸி, கடை வைத்திருப்பவர்களோ எழுந்து நிற்கிறார்கள், வரம்பாலேயே வியாபாரம் அடிபடுகிறது என்று. மே மாத வசூல் ஜூலை மழையில் இருக்காது என்பதும் உண்மை. அதைவிட, சீசனில் பர்லியார் தாண்டிக் குன்னூர் வரை முதல் கியரில் ஊரும் வண்டிகளின் புகை வேறு சங்கதி, அதைப் பார்க்க வேண்டியது போக்குவரத்துத் துறை. அந்த வண்டிகளிடம் வாங்கிய காசு அந்தச் சாலையில் செலவாவதுதான் முறை.

மூன்றாவது அபராதம். பல சட்டங்களில் சிறைத் தண்டனைக்குப் பதில் அபராதம் வைத்த 2023 ஜன் விஸ்வாஸ் சட்டத்துக்குப் பிறகு காற்றுச் சட்ட மீறல்கள் பலவற்றுக்கு 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மிரட்டலாக இருக்கட்டும், சம்பளத்துக்கு இதை நம்பக் கூடாது. தப்பு நடந்தால்தான் காசு என்றால் தப்பு நிற்பதில் யாருக்கு அக்கறை இருக்கும்?

நான்காவது, அரசின் பொது நிதி. 2019-ல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்தில் தமிழகத்திலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி இருக்கின்றன. மலை ஊர் ஒன்றுகூட இல்லை. காத்திருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

இசைவாணைக் கட்டணத்துக்கு எதிராக ஊரில் கேட்கும் கடைசிக் கேள்வி, "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பார்களே, ஆலை காசில் சம்பளம் வாங்குகிறவர் ஆலையைத் தட்டிக் கேட்பாரா என்பது. எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் ஆலை தப்புச் செய்தாலும் செய்யாவிட்டாலும் கட்டணம் ஒன்றுதான் எனும்போது கண்ணை மூடிக்கொள்ள அதில் காரணம் இல்லை. மேலும் கட்டணம் என்றால் அதற்கு ஈடாக ஒரு வேலை நடக்க வேண்டும், வரிக்கு அப்படி இல்லை. 1954-ல் சிரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டை விளக்கியிருக்கிறது. கட்டிய காசுக்கு இந்த மலையில் என்ன நடந்தது என்று நாம் கேட்கலாம். அந்தப் பெரியவரும் அதைத்தான் கேட்டார்: "ராத்திரி வந்து பாப்பாங்கன்னா சொல்லு, நானும் கை தூக்குறேன்."

அக்டோபர் 2 கிராம சபைக்கு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறோம். நீலகிரி ஆலைகளிடம் வாங்கிய இசைவாணைக் கட்டணம் எவ்வளவு, அதே வருடம் இரவு பத்து மணிக்குமேல் எத்தனை ஆய்வு நடந்தது, இரண்டையும் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுத வேண்டும். பெரியவர் முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.