கடலடி தாதுக்கல் மாதிரி செட் வாங்கலாமா?

ஜியாலஜி படிக்கிற பசங்க, கல்லு சேக்கிறவங்க தாராளமா வாங்கலாம், ஆனா ஒரு பெரிய ஓட்டை இருக்கு, அதையும் சொல்லிடறேன். வழக்கமா இந்த மாதிரி பெட்டியில இரும்பு ஒரு பக்கம் செம்பு ஒரு பக்கம்னு பிரிச்சு வெச்சிருப்பாங்க, இதுல அந்தந்த கல்லு உருவானப்போ கடல்தண்ணி எப்படி இருந்துச்சோ அந்த வரிசையில அடுக்கியிருக்காங்க. எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான்.

முதல்ல செவப்பும் கறுப்புமா வரிவரியான இரும்புக்கல். ஆக்சிஜன் இல்லாத பழைய கடல்ல இரும்பு கரைஞ்சே கெடந்துச்சு, அது ஆக்சைடாகி அடியில படிஞ்சதுதான் இது. சுமார் 240 கோடி வருஷம் முன்னாடி காத்துல ஆக்சிஜன் ஏற ஆரம்பிச்சதும் கடலோட கெமிஸ்ட்ரியே மாறிப்போச்சு.

அடுத்து கடலடி வெந்நீர் ஊத்து மேல புகைபோக்கி மாதிரி வளர்ற கல்லுக்குழாயோட குறுக்குவெட்டு, இது இந்தக் காலத்து கடல்ல எடுத்தது. லென்ஸ் வெச்சு பாருங்க, உள்பக்கம் பித்தளை நெறத்துல சால்கோபைரைட்ங்கிற செம்புத்தாது, வெளிப்பக்கம் வெள்ளையா அன்ஹைட்ரைட்ங்கிற கால்சியம் சல்பேட். உள்ள 350 டிகிரி தண்ணி போகும், அதுகிட்ட வர்ற கடல்தண்ணி 150 டிகிரிக்கு மேல சூடானா அதுல இருக்கிற சல்பேட் கால்சியத்தோட சேந்து இப்படி சுவர் கட்டிடும். 270 கோடி வருஷம் முன்னாடி, கனடாவுல கிட் க்ரீக் செம்பு-துத்தநாகப் படிவு உருவான காலத்துல, கடல்ல சல்பேட் ரொம்ப ரொம்ப கம்மி, அதனால இந்த வெள்ளைச் சுவருக்கு அப்போ சரக்கே கெடையாது. இந்த ஒரு துண்டுக்காகவே பெட்டியை வாங்கலாம்.

மாங்கனீசு உருண்டையை பாதியா வெட்டி பாலிஷ் போட்டிருக்காங்க, வளையம் வளையமா தெளிவா தெரியுது. பத்து லட்சம் வருஷத்துக்கு சில மில்லிமீட்டர்தான் வளருமாம், அதுக்கும் ஆழ்கடல் வரைக்கும் ஆக்சிஜன் போகணும்.

இப்போ அந்த ஓட்டை. நடுவுல ஒரு காலத்தையே விட்டுட்டாங்க! ஆஸ்திரேலியாவுல மவுண்ட் ஐசா, மெக்ஆர்தர் ரிவர் ஈய-துத்தநாகப் படிவெல்லாம் 160 கோடி வருஷத்துக்கும் முந்தினது, அப்போ கடல்ல சல்பேட் ஏறியாச்சு ஆனா அடித்தண்ணியில ஆக்சிஜன் இல்ல, அந்த சல்பேட்ல இருந்து வந்த ஹைட்ரஜன் சல்பைடுதான் உலோகத்தை புடிச்சு வெச்சுது. அந்தப் படிவுகள் இருக்கிற கறுப்பு ஷேல் (களிமண் இறுகின பாறை) துண்டு ஒண்ணு இல்லாம, இரும்புக்கல்லுல இருந்து நேரா இன்னைக்கு கடலுக்கு தாவினா படிக்கிறவங்களுக்கு எப்படி புரியும்? அடுத்த பேட்ச்ல கண்டிப்பா சேக்கணும்.

வாங்கினா பெட்டியில இருக்கிற பைரைட் (இரும்பு சல்பைடு) துண்டை மட்டும் தனி டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, ஈரம் பட்டா வெள்ளையா பூத்து உதிர ஆரம்பிச்சிடும், பெட்டியோட வர்ற பேப்பர்ல இதைப்பத்தி ஒரு வரிகூட போடல.