பழைய டோர்ச்சுக்குள் நிச்சியா 519ஏ

டோர்ச் விற்கிறவர்கள் லூமன் கணக்கைத்தான், அதாவது மொத்த வெளிச்சத்தின் அளவைத்தான், முதலில் சொல்வார்கள். ஹட்டன் டவுனில் நடைபாதையில் பரப்பி வைத்திருக்கிற சின்ன டோர்ச்சுகளின் பெட்டியைப் பாருங்கள், எல்லாமே ஆயிரக்கணக்கில்தான் இருக்கும். அதை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். எனக்கு வேண்டியிருந்தது நிறம். தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில், எனக்கு இரவு வேலை. ரோலரில் அரைபட்டு இறங்கின கொழுந்து பச்சை மாறிச் செப்பு நிறத்துக்கு வருகிறதா என்று பார்த்து, மோந்து பார்த்து, அப்புறம்தான் அடுத்த கட்டத்துக்கு அனுப்புவோம். மேலே டியூப் லைட் இருந்தாலும் மேசையின் உள்மூலை நிழலாகத்தான் கிடக்கும், டோர்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். என் பழைய டோர்ச்சை அடித்தால் செம்பு சாம்பலாகத் தெரியும்.

காரணம் பெரிய இரகசியம் இல்லை. வெள்ளை எல்.ஈ.டி என்பது உள்ளுக்குள் நீல எல்.ஈ.டிதான். மேலே பூசின மஞ்சள் பொஸ்பர் நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக மாற்றுகிறது, இரண்டும் கலந்து கண்ணுக்கு வெள்ளையாகப் படுகிறது. வெள்ளை எவ்வளவு நீலம், எவ்வளவு மஞ்சள் என்பதைக் கெல்வினில் சொல்வார்கள், எண் கூடக் கூட நீலம் தூக்கல். மலிவான 6500 கெல்வின் வகைகளில் சிவப்பு மிகக் குறைவு. அடிக்கிற வெளிச்சத்தில் சிவப்பு இல்லையென்றால் பொருளில் இருக்கிற சிவப்பும் கண்ணுக்கு வராது. நிறம் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு, சில நிறங்களின் சராசரி அது, உச்சம் 100. கடும் சிவப்பு அந்தச் சராசரியில் சேராது. அதற்கு ஆர்9 என்று தனி எண். பழைய டோர்ச்சுக்குள் மாற்றிப் போட நான் வாங்கின எல்.ஈ.டி நிச்சியா 519ஏ, 4500 கெல்வின், ஆர்9080 என்று குறிப்பிட்ட வகை. சி.ஆர்.ஐ. 90க்கு மேல், ஆர்9 80க்கு மேல் என்று அர்த்தம். நிச்சியா ஜப்பான் கம்பனி. நீல எல்.ஈ.டிக்காக 2014இல் பௌதிகவியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஷுஜி நகமுரா அங்கே வேலை செய்தவர். அந்தத் துண்டு எல்.ஈ.டியின் அகலம் மூன்றரை மில்லிமீட்டர்.

மாற்றிக் கொடுத்தது பஸ் ஸ்டாண்ட் பக்கம் போன் திருத்துகிற ஒரு சின்னக் கடை. கடையின் பாஸ் டோர்ச்சின் தலையைக் கழற்றி, பித்தளைக் கிண்ணத்தில் உட்கார்ந்திருந்த 16 மில்லிமீட்டர் செப்புத் தட்டை வெளியே எடுத்தார். “செம்புத் தட்டுக்குச் சோல்டரிங் அயன் பத்தாது தம்பி, சூட்டையெல்லாம் அதுவே குடிச்சிரும்” என்று சொல்லிவிட்டு, உடுப்பு அயன் பண்ணுகிற பெட்டியைக் கவிழ்த்து வைத்து அதன் மேல் தட்டை வைத்தார். பழைய எல்.ஈ.டி வழுக்கி வந்தது. தட்டைத் துடைத்து, 138 பாகை செல்சியஸில் உருகுகிற சோல்டர் பசையைப் புள்ளி புள்ளியாக வைத்து, பிளஸ் மைனஸ் குறி பார்த்துப் புதியதை வைத்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. மங்கலாக இருந்த பசை திடீரென்று பளபளத்தது, கோணலாக இருந்த எல்.ஈ.டி தானே திரும்பி நேராக உட்கார்ந்தது. டுவீசரால் ஓரத்தை இலேசாகத் தள்ளினார்; நகர்ந்து, மறுபடி அதே இடத்துக்கு வந்தது. உருகின சோல்டரின் பரப்பு இழுவிசைதான் அது. அந்தத் தள்ளலைச் செய்து பார்க்காத ஆளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம், சோல்டர் அடியில் சரியாகப் பிடித்ததா என்று தெரிந்துகொள்ள வேறு சுலபமான வழி இல்லை.

ரிப்ளெக்டருக்கு அடியில் வரும் பிளாஸ்டிக் வளையத்தையும் மாற்றச் சொல்லுங்கள். ஐந்து மில்லிமீட்டர் எல்.ஈ.டிக்கான வளையத்தில் மூன்றரை மில்லிமீட்டர் எல்.ஈ.டி நடுவில் நிற்காது, வெளிச்சம் ஒரு பக்கமாகச் சாயும்.

சரி, வெளிச்சம் எப்படி? மேசையில் அடித்த உடனே வித்தியாசம் தெரிந்தது. பச்சை இன்னும் மாறாத துணுக்குகள் தனியாக நின்றன, செம்பு செம்பாகவே இருந்தது. டீமேக்கர் ஐயா டோர்ச்சை வாங்கி ஒரு சுற்று அடித்துப் பார்த்துவிட்டு, “இது எங்கப்பா வாங்குன?” என்று கேட்டார். எங்கும் வாங்கவில்லை ஐயா, பழையதுதான் என்றதை அவர் நம்பின மாதிரி தெரியவில்லை. லயத்து வீட்டுக்குத் திரும்புகிற வழியில் இரத்தம் குடிக்கிற அட்டையைப் பார்க்கவும் இது உதவுகிறது. கறுப்புச் சப்பாத்தின் மேல் ஏறுகிற தவிட்டு நிற அட்டை பழைய நீல வெளிச்சத்தில் ஈரத்தோடு ஈரமாக மறைந்துவிடும், இதில் தவிட்டு நிறத்திலேயே தெரிகிறது.

மஞ்சள் வெளிச்சம் பனிமூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. அதற்காக மட்டும் மாற்றாதீர்கள். பனித்துளி ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியது, நிறம் பார்த்தா சிதறடிக்கப் போகிறது? 4500 கெல்வின் கண்ணுக்குக் கொஞ்சம் இதமாக இருக்கும், அவ்வளவுதான். பனியில் டோர்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து நடந்தால் அதைவிட நல்ல பலன் கிடைக்கும்.

குறையும் இருக்கிறது. நிறத்துக்கு விலை லூமன். அதே மின்னோட்டத்தில் சி.ஆர்.ஐ. 70 வகைகள் இதைவிடப் பிரகாசமாக எரியும். 519ஏயின் ஒளி விரிந்து விழுகிறது, தூரம் போவதில்லை. தேயிலை மலையில் எதிர்ப்பக்கம் என்ன அசைகிறது என்று பார்க்க நினைக்கிறவர்களுக்கு, அதாவது சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டக்காரர்களுக்கு, இது சரிவராது. எல்.ஈ.டியின் மேலே இருக்கிற சிலிக்கோன் குமிழைச் சீவினால் ஒளிக்கற்றை இறுகும், நிறமும் கொஞ்சம் இளஞ்சிவப்புப் பக்கம் சாயும் என்பது தெரிந்த விஷயம். பாஸ் சீவிக் கொடுக்கிறேன் என்றார். எனக்குச் செம்பு செம்பாகத் தெரிந்தால் போதும், வேண்டாம் என்றுவிட்டேன்.

பெட்டரிக் கணக்கும் சொல்கிறேன். என் டோர்ச்சின் டிரைவரில், அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துகிற பலகையில், 7135 என்ற சிப் ஆறு இருக்கிறது, ஒவ்வொன்றும் 350 மில்லிஅம்பியர், மொத்தம் 2.1 அம்பியர். 3000 மில்லிஅம்பியர் மணி கொண்ட, 18650 என்ற அளவு லித்தியம் பெட்டரியில் முழு வெளிச்சம் ஒன்றரை மணித்தியாலம்கூட நிற்காது. ஒற்றைச் சிப் அளவில் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் ஓடும். 519ஏ 3 வோல்ட் பக்கத்திலேயே எரிந்துவிடுவதால் பெட்டரி இறங்கும்போதும் வெளிச்சம் சட்டென்று மங்குவதில்லை. மிச்ச வோல்ட் டிரைவரில் சூடாகத்தான் போகிறது, முழு வெளிச்சத்தில் சில நிமிடத்திலேயே டோர்ச்சின் உடம்பு சுடும். டபிள் ஏ பெட்டரி போடுகிற மெல்லிய பிளாஸ்டிக் டோர்ச்சுகளில் இதை முயற்சிக்க வேண்டாம், சூடு போக அங்கே வழியில்லை.

கூலி, ஒரு நல்ல புது டோர்ச்சின் விலையில் கால்வாசிகூட வரவில்லை. எல்.ஈ.டியை நீங்கள்தான் வரவழைத்துக் கொடுக்க வேண்டும், கடையில் இருப்பதெல்லாம் 6500 கெல்வின். ஞாயிற்றுக்கிழமை டவுனுக்கு இறங்கினால் போன் திருத்த வந்த கூட்டத்துக்குப் பின்னால் நிற்க வேண்டியிருக்கும். கிழமை நாளில் காலையில் போங்கள். போயா தினத்தில், அதாவது பௌர்ணமி விடுமுறையில், பூட்டு.