ஷெவ்ரூஸா, ஃபோந்தேன்புளோவா? பாரிஸ் பக்கத்துக் காட்டு ரோடுகளில் ஒரு நாள் சைக்கிள்

காலையில் பாரிஸில் ரயிலேறி, காடும் ஊருமாக ஒரு நாள் மிதித்துவிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்ப நினைப்பவர்களிடம் எல்லோரும் சொல்லும் பெயர்கள் இரண்டு. தென்மேற்கே ஷெவ்ரூஸ் பள்ளத்தாக்கு, தென்கிழக்கே ஃபோந்தேன்புளோ காடு. அழகில் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல, ஆகவே படங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ரோட்டைப் பார்த்து முடிவெடுங்கள். ஷெவ்ரூஸில் வேலை கியருக்கும் பிரேக்குக்கும். ஃபோந்தேன்புளோவில் வேலை மேப்புக்கு.

முதலில் ரயில். இரண்டும் இல்-த-பிரான்ஸ் வட்டாரத்துக்குள் வருவதால், 2025 ஜனவரியில் ஒரே டிக்கெட் விலை வந்த பிறகு கட்டணத்தில் வித்தியாசமில்லை. சைக்கிளுக்குத் தனியாகக் காசும் கிடையாது. வார நாட்களில் காலை 6.30 முதல் 9.30 வரையும் மாலை 4.30 முதல் 7.30 வரையும் சைக்கிளை ஏற்றக் கூடாது. சனி, ஞாயிறு தடையில்லை.

லா சப்பல் பக்கம் குடியிருக்கும் தமிழர்களுக்கு ஷெவ்ரூஸ் கொல்லைப்புறம் மாதிரி. பக்கத்திலிருக்கும் கார் து நோர் ஸ்டேஷனில் ஆர்.இ.ஆர். பி ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் சேன்-ரெமி-லே-ஷெவ்ரூஸ், வண்டி மாற வேண்டாம். ஆனால் அதே பிளாட்பாரத்துக்கு ரோபன்சோன் போகும் வண்டியும் வரும், மாஸி-பலேஸோவோடு நின்றுவிடும் வண்டியும் வரும். பலகையைப் பார்த்து ஏறுங்கள்.

ஃபோந்தேன்புளோவுக்கு கார் த லியோன் ஸ்டேஷனில் லைன் ஆர் ரயில், சுமார் 40 நிமிஷம். இதிலும் ஒரு பொறி உண்டு. மோந்தரோ போகும் வண்டிகள் மெலனுக்குப் பிறகு இரண்டு பாதைகளில் பிரிகின்றன. எரிஸி வழியாகப் போகும் வண்டி ஃபோந்தேன்புளோவைத் தொடவே தொடாது. மொரே வழியாகப் போவதுதான் உங்கள் வண்டி.

ஷெவ்ரூஸ்: குட்டை ஏற்றம், ஈர இறக்கம்

பள்ளத்தாக்கின் தரைக்கும் மேலேயுள்ள மேட்டு நிலத்துக்கும் உயர வித்தியாசம் 80 முதல் 100 மீட்டர்தான். ஊட்டி மலை ஏறியவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை என்று தோன்றும். சிக்கல் உயரத்தில் இல்லை, திரும்பத் திரும்ப வருவதில் இருக்கிறது. ஏறி, மேலே காற்றில் கொஞ்சம் ஓடி, இறங்கி, மூச்சு சீராவதற்குள் மறுபடி ஏற்றம். சேன்-ரெமி, ஷெவ்ரூஸ், தாம்பியேர், சாங்லிஸ், வோ த செர்னே, செர்னே-லா-வில், ஷுவாசெல், திரும்ப ஷெவ்ரூஸ் என்று ஒரு சுற்று சுமார் 30 கி.மீ. வரும். முதல் தடவை போகிறவர் ஒரு சுற்றோடு நிறுத்தலாம், பழகியவர் மாற்று ஏற்றங்களைச் சேர்த்து இரண்டாக்கலாம். பல்சக்கரங்களில் முன்னால் 50/34 பல், பின்னால் கேசட்டில் 11-30 அல்லது 11-32 பல் இருந்தால் முட்டி தப்பிக்கும். 11-25 கேசட்டோடு வருகிறவர்கள் மூன்றாவது ஏற்றத்தில் சீட்டை விட்டு எழுந்து தள்ளாடுவதைப் பார்க்கலாம்.

2024 ஒலிம்பிக் ரோடு பந்தயம் இந்த ஏற்றங்களில் பலவற்றைத் தொட்டுத்தான் பாரிஸுக்குத் திரும்பியது. இந்தப் பக்கத்து ஏற்றங்களில் பெயர் பெற்றது தாம்பியேரிலிருந்து ஏறும் ‘17 திருப்பம்’. ஒன்றரை கிலோமீட்டருக்குச் சற்று மேல், சராசரி 5 சதவீதம் அளவில். ஏறுவது சுகம், இறங்குவதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். மரங்கள் மூடிய ரோடு என்பதால் மதியம் வரை சில திருப்பங்கள் காய்வதில்லை, அக்டோபரில் அதன்மேல் இலையும் சேர்ந்துகொள்ளும். திருப்பத்துக்குள் நுழைந்த பிறகு பிரேக் பிடிக்காதீர்கள். நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, வெளிப்பக்கக் காலைக் கீழே இறக்கி அதில் எடையைப் போட்டு, கைகளைத் தளர்த்தித் திரும்புங்கள். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக்காக இருந்தால், ஈரத்தில் சக்கரத்தின் முதல் ஒன்றிரண்டு சுற்றுக்கு பேட் தண்ணீரைத் துடைக்கத்தான் செய்யும், பிடிமானம் அதற்கப்புறம்தான் கிடைக்கும். அந்தச் சில மீட்டர்களைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே லேசாக அழுத்தி வாருங்கள். ஞாயிறு வெயிலடித்தால் மோட்டார்சைக்கிள்காரர்களுக்கும் இதே ரோடுதான் விளையாட்டுத் திடல். 10 மணிக்குள் முடித்துவிடுவது உத்தமம்.

ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 273 கி.மீ. பந்தயத்தை வென்ற ரெம்கோ எவனபூலுக்குக் கடைசி 4 கி.மீ.க்குள் பஞ்சராகி, பின்னால் வந்த காரிலிருந்து வேறு சைக்கிள் கிடைத்தது. உங்களுக்குப் பின்னால் கார் வராது. இந்தப் பக்கத்து மண்ணில் சக்கிமுக்கிக் கல் உண்டு. மழை பெய்தால் அதன் சில்லுகள் வயலோரத்திலிருந்து ரோட்டுக்கு வந்துவிடும். ஈரம் மசகு போல வேலை செய்வதால் நனைந்த ரப்பரைச் சில்லு வெண்ணெயைப் போல வெட்டும். இரண்டு டியூப், டயரைக் கழற்ற இரண்டு லீவர், பம்ப், டயர் கிழிந்தால் உள்ளே வைக்க ஒரு துண்டு பழைய டயர், இது குறைந்தபட்சம்.

டயர் மாட்டும்போதே அதன் பெயர் எழுத்து வால்வுக்கு நேராக வருகிற மாதிரி மாட்டிவையுங்கள். பஞ்சரானால் டியூபை ஊதி, ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்த்தால், டயரில் சில்லு இருக்கும் இடம் உடனே தெரிந்துவிடும். அதை நெம்பி எடுக்காமல் புது டியூபைப் போட்டால் 5 கி.மீ.யில் மறுபடி உட்கார வேண்டியதுதான். 70 கிலோ ஆளுக்கு 28 மி.மீ. டயரில் காற்றழுத்தம் பின்னால் 5 பார், முன்னால் அதைவிடக் கொஞ்சம் குறைவு. மழை நாளில் இன்னும் சற்று இறக்குங்கள்.

ஃபோந்தேன்புளோ: நீள ரோடு, மணல் ஓரம்

அரசுக் காடு மட்டும் சுமார் 17,000 ஹெக்டேர். ஏற்றங்கள் இருந்தாலும் மிரட்டாது, அலையலையாக ஓடும். வெயில் 35 டிகிரியைத் தொடும் நாளில் இரண்டுக்கும் போட்டியே இல்லை, நிழலுக்காக இங்கேதான் வர வேண்டும். மணல் பூமி என்பதால் மழை நின்றால் தண்ணீரும் சீக்கிரம் இறங்கிவிடும்.

ஆனால் மேப்பைப் பார்க்காமல் கிளம்பினால் நாள் பாழ். ராஜாக்கள் வேட்டைக்கு வெட்டிய நேர்கோட்டு ரோடுகளில் இன்று கார்கள் பறக்கின்றன. முக்கியமாக பாரிஸ் பக்கமிருந்து வரும் டி 607-ஐத் தவிருங்கள். ஊருக்கு வெளியே சைக்கிளைத் தாண்டும் கார் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்பது சட்டம், அந்த ரோட்டில் சட்டத்தை மட்டும் நம்பி ஓட்ட முடியாது. நான்காம் ஹென்றி காலத்தில் போட்ட ‘ரூத் ரோந்த்’ என்ற வட்டச் சாலை காட்டுக்குள்ளேயே வளைந்து போகிறது, ஞாயிறு காலையில் அருமையான ஓட்டம். தடுப்புக்கட்டை போட்டுக் காரை நிறுத்திய காட்டு ரோடுகளில் சில தார் போட்டவை. மற்றவை சட்டென்று மணலாகவோ பழைய கல் பாவியதாகவோ மாறும். பாரிஸ் தெருக்களுக்குக் கல் வெட்டிய காடு இது. 25 மி.மீ. டயர் மணலில் புதைந்தால் இறங்கித் தள்ளுவதைத் தவிர வழியில்லை. பாறையேறிகள் கார் நிறுத்தும் இடங்களுக்கு முன்னால் தார் ரோட்டிலும் மெல்லிய மணல் படலம் கிடக்கும். அங்கே சாய்ந்து திரும்பாதீர்கள்.

நல்ல வழி, காட்டை ஒரு தடவை குறுக்கே தாண்டி ஊர்களைப் பிடித்துச் சுற்றுவது. ஸ்டேஷனிலிருந்து பார்பிஸோன், ஆர்போன், மிய்யி-லா-ஃபொரே, ஆஷேர், யூரி, ரக்லோஸ், பூரோன்-மார்லோத், மோந்தீன்யி, மொரே. மொத்தம் 60 கி.மீ. அளவில் வரும். பார்பிஸோன் ஓவியர்களின் பெயரில் வாழும் ஊர், காபி விலையும் அதற்கேற்ப. மிய்யியில் 1479-இல் கட்டிய மரச் சந்தைக் கூடம் இன்னும் நிற்கிறது, அதன் பக்கத்தில் நிறுத்திச் சாப்பிடுவது மேல். மொரேயில் முடித்தால் இரண்டு லாபம். லைன் ஆர் அங்கேயும் நிற்கும், ஃபோந்தேன்புளோவுக்குத் திரும்பி ஓட்ட வேண்டாம். 1638 முதல் அந்த ஊர் கன்னியாஸ்திரீகளின் பெயரில் வழங்கிவரும் பார்லி மிட்டாயும் கிடைக்கும். ஸ்டேஷன் பழைய ஊருக்குள் இல்லை, சற்றுத் தள்ளி வெனூ பக்கம் இருக்கிறது. ரயிலுக்கு 15 நிமிஷம் முன்னதாகவே கிளம்புங்கள்.

மூன்றாவதாக ராம்பூயே

மோன்பர்னாஸில் லைன் என் பிடித்தால் ராம்பூயே. காடு தட்டையானது, ரோடு அமைதியானது, கொஞ்சம் அலுப்பும் தட்டும். 2019-இலும் 2023-இலும் 1200 கி.மீ. பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இங்கிருந்துதான் கிளம்பியது. நேரக் கெடுவுக்குள் முடிக்கும் நெடுந்தூர ஓட்டமான பிரெவெ ஓட்டும் சென்னை, கோவைக்காரர்களுக்குப் பெயர் பழக்கமாக இருக்கும். தனியாக இதற்கென்று வருவதைவிட, சேன்-ரெமியில் தொடங்கி ஷெவ்ரூஸ் ஏற்றங்களை முடித்து, ராம்பூயேயில் ரயிலேறுவது புத்திசாலித்தனம். மேற்குக் காற்று அடிக்கும் நாளில் மட்டும் திசையை மாற்றுங்கள். ராம்பூயேயில் தொடங்கினால் மேட்டு நிலத்தில் காற்று முதுகில் இருக்கும்.

எங்கே போனாலும் சிக்கும் விஷயங்கள் சில. ஊருக்குள் பலகையோ கோடோ இல்லாத சந்திப்பில் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்கே முன்னுரிமை. சந்து போலத் தெரியும் இடத்திலிருந்து கார் நிற்காமல் வரும், தப்பு உங்கள்மேல்தான். ஞாயிறு மதியத்துக்கு மேல் ரொட்டிக்கடை பூட்டிவிடும், பல ஊர்களில் திங்களும் பூட்டு. தண்ணீர் தீர்ந்தால் கல்லறைத் தோட்டத்தைத் தேடுங்கள். பெரும்பாலும் கேட்டுக்குப் பக்கத்திலேயே குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ல்’ என்று எழுதியிருந்தால் குடிக்காமல் தலையில் ஊற்றிக்கொள்ளலாம். செப்டம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை வேட்டைக் காலம். ‘ஷாஸ்’ (வேட்டை) என்று பலகை வைத்திருந்தால் தார் ரோட்டை விட்டு இறங்காதீர்கள். புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் வீடு வந்ததும் முட்டிக்குப் பின்னாலும் இடுப்பிலும் உண்ணி கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் மருந்துக்கடையில் விற்கும் சின்னக் கொக்கியால் திருகி எடுங்கள். எண்ணெய் தடவவோ நெருப்பால் சுடவோ கூடாது.